டேப் இரைச்சல்

பாட்டு துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதுதான் குறை. பழைய டேப்பில் கேட்கும் உஸ்ஸென்ற இரைச்சலை அடியில் லேசாகக் கலந்தால் கதகதப்பு வரும் என்றான் இசையமைத்த மச்சான், ஒலிகளைக் கலந்து மிக்சிங் செய்கிறவருடைய மனைவியின் தம்பி. அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இவ்வளவு போதும் மச்சான். இதுக்கு மேல போட்டா உப்புக் கரிக்கும்."

"நான் இன்னும் டேப்பையே ஓட விடல மாமா."

"வெளையாடாத. எனக்குக் கேக்குதே."

மச்சான் ஸ்பீக்கரையே அணைத்தான். அப்போதும் உஸ்ஸென்ற சத்தம் நிற்கவில்லை. அது தன் காதுக்குள்ளிருந்து வருகிறது என்று அவருக்குப் புரிந்தது. இந்தக் காதை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"எத்தன நாளா மாமா?"

"தெரியல. முந்தின பாட்டுகள்லயும் இரைச்சல் போதும்னு நெனச்சு போடாமலே அனுப்பிருக்கேன் போல. பாட்டுல கதகதப்பே இல்லன்னு திருப்பி அனுப்பினாங்க. காது கேக்காத பயலுகன்னு திட்டினேன்."

மச்சான் ஸ்பீக்கரை மறுபடி போட்டான்.

"அக்காகிட்ட சொல்லிராத," என்று அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "நீ உக்காரு. அளவ நீயே வை."

தயங்கித் தயங்கி உட்கார்ந்து அவன் டேப்பை ஓடவிட்டான். எது டேப், எது தன் காது என்று பிரிக்கத் தெரியாமல் அவர் பின்னால் நின்றார்.