எண்ண முடியாத பூ

ரய்னா, கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னல் துணி போல வெள்ளையாக விரியும் லேஸ்பூவை வெட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அந்தச் செடியின் சாறு தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் கொப்புளம் எழும். துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கொப்புளத்தைப் பற்றியும் பதில் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

அவள் கணவர் மெத்தோடி நேற்றுக் காலை இந்தப் பாத்திகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தபடியே போய்விட்டார். போன இலையுதிர் காலத்தில் அவரே தூவிய விதை இது. பிடுங்கி நட்டால் பிழைக்காது, மண்ணில் தூவிப் பனியில் கிடக்க விட வேண்டும் என்பார். ஊரே ரோஜா வளர்க்கும் பள்ளத்தாக்கில் இதை வளர்த்தார். பூக்கடைக்காரர்கள் ரோஜாக் கொத்துகளில் இடைவெளி அடைக்க வாங்கிப் போனார்கள்.

போன வாரம் கட்டுக் கட்டும்போது சொன்னார்: "எல்லார் கல்யாணத்துலயும் ரோஜாவுக்குப் பின்னால நின்னாச்சு. என் பெட்டிக்குள்ள இது மட்டும் போதும், ரய்னா."

"கயித்தை இறுக்கிக் கட்டுங்க" என்று மட்டும் அவள் சொல்லியிருந்தாள்.

இப்போது முழுக்க விரிந்த தலைகளாகப் பார்த்து வெட்டினாள். விரியாததை வெட்டினால் மதியத்துக்குள் தலை தொங்கிவிடும்.

வரப்பில் கறுப்புக் கோட்டோடு வந்து நின்றார் மெத்தோடியின் தம்பி கோஸ்தா. ஊர்ப் பண்பாட்டு மன்றத்தின் துணைத்தலைவர். தலைவர் பதவி பல வருடங்களாகக் காலி. ஆனாலும் அவர் துணைத்தலைவர்தான்.

"அண்ணி, இன்னைக்குமா வேலை?"

"உங்க அண்ணன் பெட்டிக்கு."

"இதையா? சோம்பு பூத்த மாதிரி இருக்கு. கசன்லாக் டவுன்லேருந்து ரோஜா சொல்லியிருக்கேன். ஒரு மரியாதை வேணாமா?"

"யாருக்கு?"

அவர் கோட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

தேவாலயத்தில் சவப்பெட்டி திறந்திருந்தது. கோஸ்தாவின் ரோஜா வளையம் அதைவிட உயரமாகச் சுவரில் சாய்ந்திருந்தது. நாடாவில் தம்பியின் பெயருக்கும் பதவிக்கும் போக மிச்ச இடத்தில் அண்ணனின் பெயர் மடங்கிக் கிடந்தது. ரய்னா, கணவரின் பாதத்திலிருந்து கழுத்து வரை லேஸ்பூவைப் பரப்பினாள்.

"நில்லுடி! எண்ணினியா?" என்றாள் பக்கத்து வீட்டு பென்கா. ஊரில் எந்தச் சாவுக்கும் படையலுக்கான கோதுமையை அவிப்பவள் அவள். அதனால் எல்லாச் சாவும் தன் பொறுப்பு என்றே நினைப்பு. செத்தவருக்கு இரட்டைப்படையில்தான் பூ வைக்க வேண்டும். ஒற்றை விழுந்தால் அதே வீட்டில் இன்னொரு சாவு.

"காம்பு இரட்டைதான்க்கா."

"காம்பை யாருடி எண்ணுவா? பூவை எண்ணணும்." பென்கா ஒரு தலையைத் தூக்கிக் கண்ணருகே வைத்தாள். குடை போல விரிந்த கம்பிகள். ஒவ்வொரு கம்பி முனையிலும் குட்டிக் குடை. குட்டிக் குடை நிறைய, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பூக்கள்.

"பெரிய குடைதான் ஒரு பூ" என்றாள் ஒருத்தி.

"அப்ப குட்டிக் குடை என்ன, அதோட மருமகளா?" என்றாள் பென்கா.

கோஸ்தா தொண்டையைச் செருமினார். "இதுக்கு முறைப்படி ஒரு முடிவு..."

"மன்றத்தைக் கூட்டப் போறியா?" என்று பின்வரிசையில் பென்காவின் கணவர் கேட்டார்.

"எண்ண முடியாததை எடுத்துடுவோம். ரோஜா இரட்டைப்படை. நானே எண்ணினேன்." கோஸ்தா பெட்டிக்குள் கை நீட்டினார்.

ரய்னா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இரவெல்லாம் நின்ற கால்கள். "எடுக்காதீங்க, கோஸ்தா. எண்ணுங்க. ஒத்தை விழுந்தா அந்த வீட்லேருந்து போக நான் ஒருத்திதான் பாக்கி. எனக்கு அவசரமில்ல."

 பென்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நிஜமாகவே எண்ண ஆரம்பித்தாள். எதிர்ப்பக்கம் நின்று கோஸ்தா மேற்பார்வை பார்த்தார். தூக்கினார்கள், திருப்பினார்கள், உதறினார்கள்.

"நடுவுல பேசாத, விட்டுப்போச்சு பாரு!"

"நான் எங்க பேசினேன்? மூச்சுதான் விட்டேன்."

"அதை அந்தப் பக்கம் திரும்பி விடு."

மறுபடியும் முதலிலிருந்து. பாதிரியார் அனஸ்தாஸுக்கு அடுத்த ஊரில் இன்னொரு சாவு காத்திருந்தது. இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும்மா. கடவுள் கணக்குல நம்மளவிடக் கெட்டிக்காரர். பூவை மெத்தோடி மேலயே வைங்க."

பென்கா வைத்தாள். பிரார்த்தனை வழக்கத்தைவிட வேகமாக முடிந்தது. கடைசி முத்தம் கொடுக்க ரய்னா எழுந்து போனாள்.

தூக்கித் தூக்கி உதறியதில் பொடிப்பொடியாகப் பூ உதிர்ந்திருந்தது. மெத்தோடியின் கறுப்புக் கோட்டில், கோத்து வைத்த விரல்களில், மீசையில், இமைகளில் எல்லாம் வெள்ளை.

"ஐயோ, மூஞ்சியெல்லாம்..." பென்கா தலைத்துணியின் நுனியை எடுத்துத் துடைக்கக் குனிந்தாள்.

ரய்னா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இருக்கட்டும்க்கா, அவர் கேட்ட பூ." விடவில்லை. பாதிரியார் இருமினார். மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கால் மாற்றி நின்றார்கள்.