பிரான்சுக்குப் பழக்கிய வாய்

என் தம்பி ஃப்ரெடெரிக் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த முதல் வருடம், அந்த ஊர்ச் சாப்பாடு தொண்டையில் இறங்காமல் பாதி ஆளாகிவிட்டான். அதை அவன் மறக்கவே இல்லை. மகள் பிறந்ததும் மனைவி இவோனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஏலிஸ் பிரான்சில்தான் வளரப்போகிறாள், சோறும் குழம்பும் கொடுத்துப் பழக்கிவிடாதே, அங்கே வந்து பட்டினி கிடப்பாள் என்று.

இவோன் புருஷன் பேச்சைத் தட்டாத ரகம். உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அவளும் நாத்தனார் நானும் சோறு தின்ன, பிள்ளை ரொட்டியும் வெண்ணெயும் ஜாமும் தின்றது. அவன் லீவில் வரும்போதெல்லாம் பெட்டி நிறைய சீஸ், சாக்லேட், டப்பா மீன். வீராம்பட்டினத்திலிருந்து மீன்காரி கன்னியம்மாள் துள்ளத் துள்ள மீன் கொண்டுவந்து வாசலில் இறக்குகிறாள். கொல்லையில் முருங்கை முறிந்து விழுமளவுக்குத் தழைத்து நிற்கிறது. நடுவில் உட்கார்ந்து விமானமேறி வந்த மீனைத் தின்னும் பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டிக்கெட் எடுக்கும் முன்பே வயிற்றை மட்டும் அனுப்பிவிட்டீர்களா என்று கேட்பேன். இவோன் சிரிப்பாள்.

ஏலிஸுக்கு ஏழு வயதானபோது ஃப்ரெடெரிக் போன் செய்தான். அங்கே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டானாம். இனி வருவதற்கும் இல்லை, அழைத்துக்கொள்வதற்கும் இல்லையாம். போனை வைத்த இவோன் அழவில்லை. பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். பெட்டி வருவது நின்றது. பேக்கரி ரொட்டியும் பாக்கெட் பிஸ்கட்டுமாகப் பொழுது ஓடியது.

மழைக்காலத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடப் பிரேயரில் ஏலிஸ் மயங்கி விழுந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டர். மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள், கீரை, மீன், கேழ்வரகு கொடுங்கள், இப்படியே விட்டால் பிள்ளை தேறாது என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. முருங்கைக்கீரையை அடையில் ஒளித்தோம். கேழ்வரகுக் கூழில் வெல்லம் போட்டோம். சங்கரா மீனை முள்ளெடுத்து ரொட்டிக்குள் வைத்தோம். மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். வாயில் திணித்தால் கொல்லைக்கு ஓடித் துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பாள். முகம் வெளுத்துப்போய், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பெற்றவளுக்கும் எனக்கும் பயத்தில் தூக்கமே போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்து, மீன் குழம்பும் சோறுமாக உட்கார்ந்தோம். ஏலிஸ் உதட்டை இறுக்கிக்கொண்டாள். இவோன் பொறுமையிழந்து கையை ஓங்கிவிட்டாள்.

பிள்ளை அழவில்லை. "எனக்கும் இந்த வாசன புடிச்சிருக்கு மம்மா. ஆனா இதச் சாப்ட்டுப் பழகிட்டா பப்பா கூட்டிக்கிட்டுப் போக மாட்டாரு. போன தடவ வந்தப்ப அவரே சொன்னாரு" என்றாள்.

இத்தனை நாளும் பசியோடு, பிடித்ததைத்தான் துப்பியிருக்கிறது அந்தப் பிள்ளை. தம்பி எதிரில் நின்றிருந்தால் அறைந்திருப்பேன்.

இவோன் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பப்பா வரமாட்டாரும்மா. நாம அங்க போகப் போறதில்ல. நீ சாப்டு."

ஏலிஸ் சோற்றில் கை வைத்தாள். பிசையத் தெரியாமல் குழம்பு விரலிடுக்கில் வழிந்தது. ஒரு பருக்கை விடாமல் தின்றாள். இதைப் பார்க்கத்தான் நாங்கள் தவம் கிடந்தோம். இப்போது என்னால் பார்க்க முடியவில்லை. இவோன் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இனி ரத்தம் ஊறிவிடும். டாக்டர் சந்தோஷப்படுவார்.

இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன்.

"போடுங்க அத்தே" என்றாள் ஏலிஸ். "இனிமே எவ்ளோ சாப்ட்டாலும் பரவால்லதான?"