ஹோசியா கேட்லினின் கோப்புக்கு ஓர் இணைப்பு

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் இடம் போதாமல் தொடங்கியது.

என் மாமனாரின் மருத்துவக் கோப்பில் இருந்த பிழையைத் திருத்தக் கேட்டோம். மறுத்தார்கள். மறுத்தால் நம் தரப்பை எழுதிக் கொடுக்கலாம். கோப்போடு சேர்த்து வைப்பார்கள். அதற்கென்று தந்த தாளில் எட்டுக் கோடுகள் இருந்தன. ஒன்பதாவதை நானே போட்டுக்கொண்டேன்.

(புகார் என்றால் எண் கொடுப்பார்கள். கதை என்றால் யாராவது படிக்கக்கூடும்.)

2

முதல் வரி, முதல் முயற்சி: எழுபத்தாறு வயதான ஹோசியா கேட்லின், பாவம், ஒரு—

இல்லை. பாவமெல்லாம் இல்லை. கிளீவ்லாந்தில் முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவர். எங்கள் கறுப்பினச் சபையின் தலைமை அஷர். ஞாயிறுதோறும் வெள்ளைக் கையுறை மாட்டி, தேவாலய வாசலில் நின்று, யார் எங்கே உட்கார வேண்டும் என்று கண்ணாலேயே சொல்பவர். மேயரே வந்தாலும் ஜெபம் முடியும்வரை வெளியே நிறுத்திவைப்பார்.

இரண்டாம் முயற்சி: மார்ச் மாதம் அவருடைய மகள் ரெனீட்டா இறந்தாள். அவள் என் மனைவி.

இது போதும். அவளைப் பற்றி இந்தக் கதையில் இதற்கு மேல் எழுத மாட்டேன். எழுத வரவில்லை.

3

மகளின் அடக்க ஆராதனையில் குடும்பத்தோடு முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். மறுத்துவிட்டார்.

"என் பொண்ணுக்கு வாசல்ல நான்தான் நிப்பேன். வேற எவனும் நிக்கக்கூடாது."

நின்றார். இடது கை மடிந்து முதுகுக்குப் பின்னால். வலது கை பக்கவாட்டில். முகத்தில் ஒன்றுமில்லை. எங்கள் அஷர்கள் நிற்கும் நிலை அது. ஆராதனையில் அவர்கள் வாய் திறப்பதில்லை, எல்லாம் கைச்சைகைதான்.

அதன்பிறகு அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் அதே நிலையில் நிற்பார். உணவு ஆறிப்போகும். ஆறு வாரத்தில் பத்தொன்பது பவுண்டு குறைந்தார்.

மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நான்தான் அழைத்துப் போனேன். (இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். இருக்கட்டும்.)

4

டாக்டரை எப்படி எழுதுவது? முதல் பிரதியில் கொடுமைக்காரராக எழுதினேன். அது பொய். நல்ல மனிதர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதுதான் சிக்கல்.

"உட்காருங்க, மிஸ்டர் கேட்லின்."

"இருக்கட்டும்."

"நாற்காலி இருக்கே."

"பார்த்தேன். நல்ல நாற்காலி. நீங்களே வச்சிக்கங்க."

"யாராவது உங்கள நிக்கச் சொன்னாங்களா?"

மாமா கதவோரமே நின்றார், கை முதுகுக்குப் பின்னால். டாக்டர் தட்டச்சு செய்தார். நாற்பது நிமிடம். நடுவே மாமா என்னைப் பார்த்து வலது கையின் இரண்டு விரல்களை மார்பில் வைத்தார்.

பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த சைகை. 'இந்த வரிசைக்கு உதவிக்கு ஆள் அனுப்பு.' யாராவது துக்கம் தாங்காமல் சரியும்போது காட்டுவது.

நான் தரைவிரிப்பைப் பார்த்தேன்.

கோப்பில் இருப்பது: *இறுகிய, இயல்பற்ற நிலை. பொருளற்ற கை அசைவுகள். சந்தேகப் போக்கு. மனப்பிறழ்வு இருக்கலாம்.*

மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் மாமா நாற்காலியில் கிடந்தார், வாய் ஓரம் ஈரமாக. அடுத்த வருகையின் குறிப்பு: *அமர்கிறார். முன்னேற்றம்.*

5

சிஸ்டர் வெர்லீன் ஸ்டப்ஸ் கதைக்குள் வரும் இடம் இது. ஓய்வுபெற்ற நர்ஸ். மாமாவுக்கு அடுத்த நிலை அஷர். அவரைக் கொஞ்சம் அடக்கமானவராக எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.

மாத்திரைச் சீட்டைப் படித்தார். பிறகு என்னை.

"நீ காலேஜ் எல்லாம் படிச்சவன்தானே?"

"ஆமா, சிஸ்டர்."

"பிரயோஜனமில்ல. அந்த ரூம்ல உனக்கு வாய் இருந்துச்சா, வீட்ல வச்சிட்டுப் போயிட்டியா?"

எங்கள் குடும்ப டாக்டரிடம் அவரே பேசினார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். மாமா தெளிந்தார். எழுந்தார். மறுபடி வாசலில் நின்றார்.

வெர்லீன் அவரை வெகுநேரம் பார்த்தார். குரல் தணிந்தது.

"அன்னைக்கு இவர யாரு மாத்திவிட்டது?"

"என்னைக்கு?"

"அடக்கத்தன்னைக்கு. யாரு போயி இவர் இடத்த வாங்கினது?"

யாருமில்லை. எங்கள் சபையில், இன்னொருவர் வந்து முழங்கையைத் தொட்டு இடத்தை வாங்கும்வரை அஷர் நகரக்கூடாது. அன்று அவரருகே போக எல்லோருக்கும் பயம். எல்லோரும் அவரைக் கடந்து கல்லறைக்குப் போனோம். நானும்.

6

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அவருக்கு நோயில்லை என்று நான் எழுதவில்லை. பத்தொன்பது பவுண்டு இறங்கிய மனிதருக்கு வைத்தியம் தேவை. அதனால்தான் கோபம். பார்க்க வந்தது துக்கத்துக்கு, எழுதப்பட்டது பைத்தியம். எங்கள் முதியவர்கள் டாக்டரிடம் வாய் திறப்பதில்லை என்று குறை சொல்கிறார்கள். அவர் திறந்தார், கையால். அதைப் பொருளற்ற அசைவு என்று எழுதினீர்கள்.

எங்கள் ஆளே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை. நான் கேட்பது அதைவிடச் சிறியது. 'ஏன் இப்படி நிற்கிறீர்கள், இதற்கு உங்கள் ஊரில் என்ன பொருள்?' எழுதுவதற்கு முன் இந்த ஒரு கேள்வி. அதைக் கேட்கத் தெரியாதவருக்கு அந்த அறையில் வேலை இல்லை.

7

முடிவு, ஒன்று: டாக்டர் இதைப் படித்து மன்னிப்புக் கேட்கிறார்.

(வெர்லீன் படித்துவிட்டுச் சொன்னது: "இது எந்த நாட்டுல நடக்குது? சொல்லு, நானும் குடிபோறேன்.")

முடிவு, இரண்டு: கோப்பு மாறவில்லை, அவர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அந்த வார்த்தை அவருக்கு முன்னால் போய் நாற்காலியில்—

அடித்துவிட்டேன். அதை எழுதித்தர அவர்கள் இருக்கிறார்கள்.

8

நடந்தது மட்டும்.

நேற்று மதியம் சமையலறை வாசலுக்குப் போனேன். அவர் முழங்கையைத் தொட்டேன்.

திரும்பாமலே சொன்னார். "கையுறை எங்கடா?"

"இல்ல மாமா."

"முதுகு என்ன, கொக்கியா? நிமிரு. இடது கைய இன்னும் மேல மடக்கு."

மடக்கினேன். ஓரடி விலகினார். அந்த இடத்தில் நான் நின்றேன். அவர் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். பதினான்கு வாரத்தில், மாத்திரை இல்லாமல், முதல்முறை.

"அவ என் ஒரே பொண்ணு," என்றார், தட்டைப் பார்த்து. பிறகு தோள்கள் குலுங்கின. நான் அசையவில்லை. அஷர் அசையக்கூடாது.

இது குணமில்லை. ஒருவேளைச் சாப்பாடு. மீதிக்கு வைத்தியர் வேண்டும்.

வியாழக்கிழமை அதே மருத்துவமனை, வேறு டாக்டர். மறுபடி மாத்திரையா என்று முடிவு செய்வார். மாமாவுக்கு நாற்காலி. கதவோரம் நான் நிற்பேன், கை முதுகுக்குப் பின்னால், இரண்டு விரல் மார்பில். இந்த முறை வாயும் இருக்கும். டாக்டர் இதை முன்பே படித்திருப்பார், கோப்பில் இருக்கிறதே. அவருடைய முதல் வரியை நான் எழுத மாட்டேன்:

டாக்டர்: ____________________

நீங்கள் வெள்ளை அங்கி போட்டவரானால் நிரப்புங்கள். இல்லையென்றால், அந்தப் பக்கமாக வந்து என் முழங்கையைத் தொடுங்கள். மார்ச்சிலிருந்து என்னையும் யாரும் மாற்றிவிடவில்லை.