பிரிட்ஜ் இருக்கிற அறை

"அந்த ரூமுக்குள்ள ஒருத்தரும் காலு வைக்கக்கூடாதுன்னு சொன்னா, ஒங்காதுல ஏறாதா?"

"பிரிட்ஜு அங்கதானேக்கா கீது. இத எங்க கொண்டுபோய் வைக்கட்டும், மொட்டமாடியிலயா?"

சுலோசனாவின் குரல் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. புத்தூரில் அந்தத் தெருவுக்கு இந்த ஓரகத்திகளின் சண்டை புதிதல்ல. பதினோரு வருஷமாக ஒரே கூரையின் கீழ் தோசைக்கல் முதல் துணிக்கொடி வரை எல்லாவற்றுக்கும் சண்டை போட்டவர்கள். ஆனால் தீபாவளி நோம்பு நாளில், கையில் கட்டிய நோம்புக்கயிற்றின் மஞ்சள் காய்வதற்குள் தொடங்கியது இதுதான் முதல் தடவை. அதுவும் சாக்லேட்டுக்காக.

இளையவள் பிரமிளா இரண்டு கையிலும் அச்சுத்தட்டை ஏந்தி நின்றாள். நட்சத்திரமும் கரடிப்பொம்மையுமாகப் பதினாறு குழிகள், எல்லாவற்றிலும் உருக்கிய சாக்லேட். அவளுடைய மூத்த மகள், நாலாம் வகுப்பு ரக்ஷிதா போனில் பார்த்துவிட்டு ஒரு மாதமாக நச்சரித்த வேலை. புருஷன் குணா திருப்பதியிலிருந்து இரண்டு கிலோ சாக்லேட் கட்டியும் அச்சும் ஜிகினாத்தாளும் வாங்கி வந்து போட்டுவிட்டு, நோம்பன்றும் ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போய்விட்டான். காலையில் பூஜை முடிந்து அதிரசம் தின்றதும் பிள்ளைகள் இரண்டும் அடுப்படியில் குந்திக்கொண்டன. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்குவது பிரமிளா, முந்திரி போடுவது ரக்ஷிதா, கரண்டியை நக்குவது ஒன்றாம் வகுப்பு தரணி.

பிரிட்ஜ் இருந்தது செங்கல்வராயனின் அறையில். குணாவின் அண்ணன், சுலோசனாவின் புருஷன். இருபத்தாறு வருஷம் திருமலைக்கு வேன் ஓட்டியவர். இன்சுலின் வைக்க வசதி என்று பிரிட்ஜைத் தன் கட்டில் பக்கம் இழுத்துக்கொண்டார் என்பது வீட்டார் சொன்னது. தன் காசில் வாங்கிய பிரிட்ஜை யார் யார் திறக்கிறார்கள் என்று எண்ணத்தான் என்பது தெருவில் சொன்னது. சிறுநீரகம் இரண்டும் போய், ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிப் பதினைந்து நாளாகிறது. பிள்ளை இல்லாத மனிதர். நேற்றுக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "மொத சாக்லேட்டு எனக்குத்தான். டாக்டருகிட்ட சொல்லாதீங்க" என்றிருந்தார்.

"சுலோச்சனக்கா" என்று வாசலில் குரல். எதிர்வீட்டு ருக்மணி. சுலோசனா ஒரு கணம் கதவையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். ருக்மணியை உள்ளே விடுவதைவிட ஆபத்து வேறு கிடையாது என்று முடிவு செய்தவள்போல வாசலுக்கு விரைந்தாள்.

பிரமிளா தோளால் கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

மின்விசிறி ஓடவில்லை. எந்நேரமும் ஓடுகிற விசிறி. போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலையோடு தாடையையும் சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். குளிர்கிறது போலும் என்று நினைத்துத் தட்டைப் பிரிட்ஜில் வைத்துவிட்டுத் திரும்பினாள். கால் பக்கம் போர்வை விலகியிருந்தது. கட்டைவிரல் இரண்டும் ஒரு பச்சைத்துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

அந்தப் பச்சையை அவளுக்குத் தெரியும். சுலோசனாவின் பழைய வாயில் புடவை.

பின்னால் கதவு சாத்துகிற சத்தம்.

"எப்பக்கா?"

"ஒன்ற மணி. கஞ்சி எடுத்துக்கினு வந்தேன். போயிருந்தாரு." சுலோசனா குரலே இல்லாமல் பேசினாள். கொஞ்ச நேரத்துக்கு முன் ரயில்வே கேட் வரை போன குரல்.

"எங்க வூட்டுக்காரருக்குப் போன் பண்ணலியா?"

"பண்ணா வருவான். வந்தா அழுவான். காலண்டரப் பாத்தியா? அமாவாசை அஞ்சு அம்பத்துநாலு வரைக்கும் கீது."

பிரமிளாவுக்கு அதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை. நோம்பு அமாவாசையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வம்சத்துக்கே தீபாவளி நின்றுபோகும். ஒரு வருஷத்துக்கு இல்லை, என்றைக்குமாக. மறுபடி எப்போதாவது அதே நாளில் வீட்டில் ஒரு குழந்தை பிறக்க வேண்டும், அல்லது தொழுவத்தில் பசு கன்று போட வேண்டும். அப்போதுதான் திரும்ப எடுக்கலாம். இந்த வீட்டில் பசுவும் இல்லை, தொழுவமும் இல்லை. பிரமிளாவுக்குத் தரணியோடு ஆபரேஷனும் ஆகிவிட்டது.

"எனக்கு ஏழு வயசுல எங்கூட்ல நின்னு போச்சிடி. சித்தப்பா நோம்பன்னிக்குப் பூட்டாரு. அதுக்கப்புறம் கல்யாணம் கட்டிக்கினு இங்க வர்ற வரைக்கும், தீபாவளின்னா தெருக்கதவ சாத்திக்கினு உள்ள குந்திக்கினு இருப்போம். புதுத்துணி கெடையாது. எவனாவது பலகாரம் குடுத்தாத்தான் உண்டு." கட்டிலைப் பார்க்காமல் பிரிட்ஜைப் பார்த்துச் சொன்னாள். "ஒம் பொண்ணுங்களுக்கு அது வேணாம்."

மணி மூன்றுகூட ஆகவில்லை.

கதவுக்கு வெளியே தரணி. "மா, பெரிய நைனா எழுந்துட்டாரா?"

ஓரகத்தியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள் பிரமிளா. "இல்லடா கண்ணு. தூங்கறாரு" என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவளும் கூட்டு.

இருவரும் அடுப்படிக்கு வந்து விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். அந்த வீட்டில் சத்தம் அடங்கினால்தான் தெரு எட்டிப் பார்க்கும்.

"சாக்லேட்டுல முட்டை கலந்திருக்கும். நோம்பு வூட்ல அத வச்சிக்கினு கூத்தாடற."

"அட்டையில பச்சைப்புள்ளி போட்டுகிறான், பாருக்கா. கண்ணாடி போட்டுக்கினு பாரு."

இரண்டாவது கிண்ணத்தை உருக்கும்போது பிரமிளாவின் கையிலிருந்து தண்ணீர் சொட்டி உள்ளே விழுந்தது. சாக்லேட் திரிந்து மணல்போலக் கட்டிக்கொண்டது. "ஒரு சொட்டு தண்ணிகூட படக்கூடாதுன்னு போன்ல சொன்னாங்கல்ல" என்று ரக்ஷிதா கண்டித்தாள். பிரமிளா சரி என்று தலையாட்டினாள். அடுத்த தட்டையும், அதற்கடுத்த தட்டையும் அவளே அந்த அறைக்குள் கொண்டு போனாள். போய்வர மூன்று நிமிஷம் ஆயிற்று. மூச்சுக்காற்றே இல்லாத அறையில் பிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

முதல் தட்டு இறுகியது. தரணி ஒரு கரடியைப் பொறுக்கி, தங்கநிறத்தாளில் மூன்று சுற்றுச் சுற்றி, கதவருகே போய் நின்றாள். "மொதலு அவருக்குத்தான் சொல்லிகிறேன். நானே ஊட்டுவேன்."

"குடு. நான் ஊட்டறேன். நீ போனா பேச்சுக் குடுத்துத் தூக்கத்தக் கெடுப்ப."

பிரமிளா உள்ளே போய்க் கதவைச் சாத்தி, பிரிட்ஜைப் பார்த்து நின்றுகொண்டு தாளைப் பிரித்தாள். கரடியை வாயில் போட்டுக்கொண்டாள். அது கரைவதற்கு வெகுநேரம் ஆயிற்று. வெறும் தாளோடு வெளியே வந்து, "துன்னுட்டாரு" என்றாள்.

"நல்லாகீதுன்னாரா?"

"நல்லாகீதுன்னாரு."

சுலோசனா அப்போது அதிரசத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தூக்கையே மறுபடி கழுவினாள்.

நாலேகாலுக்குக் குணா வந்தான். கம்பெனிச் சட்டையோடு நேராக அண்ணன் அறைக்குப் போகிறவன். தரணி வழியில் பிடித்துக்கொண்டாள். "நைனா, பெரிய நைனா நான் செஞ்ச சாக்லேட்ட துன்னுட்டாரு. முழுசா."

"துன்னாரா?" குணா அப்படியே நின்றான். இரண்டு நாளாக அண்ணன் தண்ணீரைக்கூடத் துப்பிக்கொண்டிருந்தவர். "இன்னா பிரமிளா, நெசமாவா?"

"ம்."

"இப்பதான் கண்ணசந்தாரு" என்று சுலோசனா அடுப்படியிலிருந்தே சொன்னாள். "ஊரெல்லாம் சுத்தின காலோட போவாத. குளிச்சிட்டு, துன்னுட்டு, அப்பறம் போ. எழுந்தா நான் கூப்புடறேன்."

அண்ணி சொன்னால் அவன் மறுத்துப் பழக்கமில்லை. குளித்தான். கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளோடு சேர்ந்து சாக்லேட்டுக்குத் தாள் சுற்றினான். "அண்ணன் தேறிக்குவாரு பாரு" என்றான். பிரமிளா அவனுக்குக் காப்பி கொடுத்தாள். டம்ளரை வாங்கும்போது அவள் விரல்கள் ஜில்லென்றிருந்ததைக் கவனித்து, "பிரிட்ஜுலயே குடும்பம் நடத்தறியா" என்று சிரித்தான்.

ஐந்தரைக்கு ருக்மணி மறுபடி வந்தாள், தட்டில் அதிரசத்தோடு. இந்த முறை வாசலில் நிறுத்த முடியவில்லை. உட்கார்ந்து, சாக்லேட்டைக் கடித்து, மூடிய கதவைப் பார்த்து, "அன்ன எட்லுண்டாரு?" என்று தெலுங்கில் அண்ணன் எப்படி இருக்கிறார் என விசாரித்தாள். இருபது வருஷமாகத் தெருவில் எந்தப் பிணத்தையும் குளிப்பாட்டப் போகிறவள் அவள். எந்த வீட்டில் என்ன வாசனை என்று அவளுக்குத் தெரியும்.

"அப்படியேதான் கீறாரு" என்றாள் சுலோசனா.

ஆறு மணிக்கு, கடிகாரத்தை நம்பாமல் போனிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, சுலோசனா எழுந்தாள். பட்டுப்புடவையை மாற்றி வெள்ளைப்பூப் போட்ட நூல்புடவை கட்டியிருந்தாள். அதை எப்போது மாற்றினாள் என்று யாரும் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு கேட்ட அழுகை, நாலரை மணி நேரம் அடக்கி வைத்த அழுகை. அதில் நடிப்பு ஒரு துளிகூட இல்லை.

குணா ஓடினான். பின்னாலேயே ருக்மணி. அவள் செங்கல்வராயனின் கையைத் தொட்டாள். கை மரம்போல விறைத்திருந்தது. கட்டைவிரல் கட்டைப் பார்த்தாள், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், கடைசியாகப் பிரமிளாவைப் பார்த்தாள். அந்தத் தெருவின் முப்பது வீடும் அவள் வாயில்தான் தொங்கின.

"இப்புடே போயினாரு, இப்பதான்" என்றாள் ருக்மணி, வாசலில் கூடியவர்களுக்குக் கேட்கும்படி உரக்க. "ஒடம்பு இன்னும் சூடா கீது."

மறுநாள் எடுத்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் குணா சொன்னான்: எங்கண்ணன் கடைசியா துன்னது எம் பொண்ணு செஞ்ச சாக்லேட்டு. பதினாறாம் நாளும் சொன்னான். பிரமிளா ஒவ்வொரு தடவையும் எழுந்து உள்ளே போனாள். பிரிட்ஜை மட்டும் விற்றுவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள், குணாவுக்குக் காரணம் புரியவில்லை.

தை மாதம் சுலோசனா ராமகுப்பத்துக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டாள். அவனுக்குப் பட்டுப்பூச்சி வளர்ப்பு. கோடை விடுமுறையில் குணா குடும்பம் வேலைக்குக் கிட்டே என்று சத்தியவேட்டுக்குக் குடிபெயர்ந்தது. ருக்மணியின் மகள் ஸ்ரீதேவியை ஆவணியில் திருப்பதியில் ஓட்டல் வைத்திருப்பவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் ஓரகத்திகள் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டார்கள், சண்டை போடாமல். தெருவுக்கு அது ஏமாற்றம்தான்.

துக்க வருஷம் கழிந்து வந்த தீபாவளிக்குச் சத்தியவேட்டில் பிரமிளா நோம்பு எடுத்தாள். பிள்ளைகள் கையில் மஞ்சள் கயிறு கட்டி முடித்தபோது போன் வந்தது.

"ஆச்சாடி?"

"ஆச்சுக்கா."

இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் சடசடவென்று ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அங்க மழையாக்கா?"

"மழ இல்ல. பட்டுப்பூச்சி எல துன்னுது."