நாற்பத்திரண்டாவது பெயர்

கூட்டம் தொடங்கிப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆக்சிலியாவின் கைபேசிக்கு முனைவர் சோமசேகரனிடமிருந்து ஒரு வரி வந்தது: "யார் அந்தக் காசியம்மா?"

தருமபுரத்தில் தன் வீட்டு மாடியறையில் இரண்டு மடிக்கணினிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் ஆக்சிலியா. கடலோர மண்ணையும் நீரையும் ஆராய்கிறவர்களின் கூட்டமைப்பு ஒன்றுக்கு இணையவழிக் கூட்டங்கள் நடத்தித் தருவது நாலு வருடமாக அவள் வேலை. டெல்டாவின் நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதைப் பற்றி ஆளுக்கொரு ஊரில் தனித்தனியாக ஆராய்கிற நாற்பத்தோரு பேரை அந்தச் சனிக்கிழமை ஒரே திரையில் உட்காரவைத்திருந்தாள். காலையில் சிறு குழுக்களாகப் பேச வேண்டும், மதியத்துக்கு மேல் எல்லாரும் கூடி இரண்டு மூன்று கூட்டு ஆய்வுத் திட்டங்களுக்காவது பிள்ளையார் சுழி போட வேண்டும். கூட்டமைப்பின் செயலாளர் கேட்டது அவ்வளவுதான்.

பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். நாற்பத்திரண்டு பெயர் இருந்தது. கடைசிப் பெயர் காசியம்மா. நிறுவனம் என்ற இடம் காலி. கேமரா அணைந்திருந்தது. பதிவுப் படிவத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டு மூட மறந்தது தன் தவறுதான் என்று அவளுக்கு உடனே தெரிந்தது.

"பார்க்கிறேன் சார்" என்று சோமசேகரனுக்குப் பதில் போட்டாள்.

ஏற்கெனவே இந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் நம்பவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் புதுச்சேரியில் நேரில் கூடியபோது ஒருவர் தேநீர் இடைவேளையில் சொன்ன யோசனை ஆறே மாதத்தில் வேறொருவர் பெயரில் நிதி வாங்கிவிட்டது. திருட்டா, தற்செயலா என்று எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லாருக்கும் வாய் இறுகிவிட்டது. 'உங்களால் தனியாகத் தீர்க்க முடியாத ஒரு சிக்கலை எழுதி அனுப்புங்கள்' என்று ஆக்சிலியா முன்கூட்டியே கேட்டிருந்தாள். பாதிக்கு மேற்பட்டவர்கள் 'கூட்டத்தில் சொல்கிறேன்' என்று எழுதியிருந்தார்கள். கூட்டம் தொடங்கியதும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இது ரெக்கார்ட் ஆகுதாங்க?"

குழு அறைகள் ஆறு. யார் எந்த அறைக்கு வேண்டுமானாலும் போகலாம், வரலாம். ஒவ்வோர் அறையாக ஆக்சிலியா எட்டிப் பார்த்தாள். நாகப்பட்டினத்தில் நீரளவுக் கருவிகள் செய்கிற அஃப்ரித், போன வாரம் பெய்த மழையைப் பற்றியே பத்து நிமிடம் பேசினான். உப்பைத் தாங்கும் நெல் ரகங்களைத் தேடிக்கொண்டிருந்த மதிவதனி, தன் வயல் எந்த ஊரில் என்றுகூடச் சொல்லவில்லை. "கடலோரமா ஒரு எடம்" என்றாள்.

காசியம்மா என்ற பெயர் மட்டும் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் அறையில் நாலு நிமிடம். இரண்டாவதில் ஆறு. மூன்றாவதில் நுழைந்த கையோடு வெளியே. எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெயர் வந்ததும் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிடுவதை ஆக்சிலியா கவனித்தாள். மதிவதனி தனியாகச் செய்தி அனுப்பினாள்: 'மேடம், அவங்களை யார் அனுப்பியிருக்காங்கன்னு தெரியுமா?'

பதினொன்றரைக்கு நாலாவது அறையில் சோமசேகரன் தன் வரைபடத்தைத் திரையில் காட்டினார். சென்னையில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் மூத்த விஞ்ஞானி அவர். மற்ற நாற்பது பேரும் கூட்டுச் சேர விரும்பியது அவரோடுதான். காரணம், திருநள்ளாறு பக்கத்துச் சுரக்குடிக் கிணறுகளில் பதினோரு வருடம் மாதம் தவறாமல் எடுத்த உப்பளவு அவரிடம் இருந்தது. வேறு யாரிடமும் அவ்வளவு நீளமான கணக்கு இல்லை. "இது ஆறாம் எண் கிணறு. கடைசி ரெண்டு வருஷத்தைப் பாருங்க, ரெண்டு மடங்கு ஏறியிருக்கு" என்றார்.

அப்போது காசியம்மாவின் மைக் திறந்துகொண்டது. மோட்டார் ஓடும் சத்தம். ஒரு பெண் குரல் யாரிடமோ அவசரமாகச் சொன்னது: "இதான்... இதான். எழுதிக்க, அப்புடியே எழுதிக்க. ஆறாம் நம்பரு."

மைக் மூடிக்கொண்டது. சோமசேகரன் வரைபடத்தைச் சட்டென்று எடுத்துவிட்டார்.

"ஆக்சிலியா, இப்பவே வெளியே அனுப்புங்க. இல்லன்னா நான் போறேன்."

ஆக்சிலியா யோசிக்கவில்லை. பெயரின் மேல் அழுத்தி வெளியேற்றினாள். இரண்டு நிமிடத்தில் அதே பெயர் மறுபடியும் காத்திருப்பு அறையில் வந்து நின்றது. அவள் உள்ளே விடவில்லை. அது போகவும் இல்லை. ஒரு மணிக்கு உணவு இடைவேளை விடும்வரை அங்கேயே இருந்தது.

இடைவேளையில் பதிவில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள்.

"எந்த நிறுவனத்துலேருந்து பேசுறீங்க?"

"நிறுவனமா? நான் சுரக்குடிலேருந்து பேசுறேங்க. என்னைய ஏம்மா வெளியில தள்ளிவுட்டீங்க?"

ஆக்சிலியாவுக்குச் சந்தேகம் குறையவில்லை, கூடியது. ஊர்க்காரப் பெண்ணின் பெயரில் வேறு யாரோ உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். இரண்டேகாலுக்குத்தான் அடுத்த அமர்வு. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருநள்ளாறு சாலையில் போனாள்.

வயலை ஒட்டிய ஓட்டு வீடு. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் வாசலுக்கு வந்தார். பின்னால், கையில் பேனாவோடு கல்லூரி படிக்கிற மகள் கவியா. வேறு யாரும் இல்லை. கட்டிலின் மேல் ஒரு கைபேசி, 'நடத்துநர் உங்களை அனுமதிப்பார்' என்ற வரியோடு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"நீங்கதான் காசியம்மாவா?"

"நாந்தான். நீங்க அந்த சார் அனுப்புன ஆளா?" அந்தப் பெண்ணின் பார்வையிலும் அதே சந்தேகம்தான் இருந்தது.

"கூட்டத்த நான்தான் நடத்துறேன்க்கா. ஏன் ஒவ்வொரு ரூமா போனீங்க?"

"எல்லாத்துக்கும் இங்கிலீசுல பேரு வச்சிருக்கீங்க. எதுல கெணத்தப் பத்திப் பேசுவாங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்? புள்ள படிச்சுச் சொன்னாலும் ஒண்ணும் வெளங்கல."

உள்ளே போய் அட்டை போட்ட நோட்டுகளை எடுத்து வந்தார். பதினோரு வருடத்துக்கு முன் சோமசேகரன் நேரில் வந்து, ஒரு உப்பு மீட்டரைக் கொடுத்து, ஆறு கிணறுகளிலும் மாதம் ஒரு தடவை பார்த்து எழுதச் சொல்லிவிட்டுப் போனாராம். ஆறாம் எண் கிணறு காசியம்மாவின் சொந்தக் கிணறு. ஆக்சிலியா புரட்டினாள். தேதி, கிணற்று எண், அளவு. ஒன்பது வருடம் ஒரு மாதம் விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு பக்கத்தில் 'மீட்டர் ஓடவில்லை. சாருக்கு போன் செய்தேன்' என்று எழுதியிருந்தது. அடுத்த மாதமும் அதே வரி. அதற்கடுத்த மாதமும். பிறகு வெற்றுத் தாள்.

"புதுசு அனுப்புறேன், அனுப்புறேன்னாரு. அப்புறம் போனே எடுக்கல. போன வாரம் வாட்சப்புல உங்க நோட்டீசு வந்துச்சு. சுரக்குடிக் கெணறு, பதினோரு வருசக் கணக்குன்னு போட்டிருந்துச்சு. நான் ஒம்பது வருசந்தானே எழுதுனேன்? மிச்சத்த யாரு எழுதுனா? எனக்குத் தெரியாம ஆரு வந்து எங்க கெணத்துல தண்ணி எடுத்துக்கிட்டுப் போறா?" அவர் குரல் தணிந்தது. "ரெண்டு மடங்கு உப்புங்கிறாரு. நாங்க அந்தத் தண்ணியத்தாம்மா குடிக்கிறோம்."

யாரும் வந்து தண்ணீர் எடுத்திருக்க மாட்டார்கள் என்று ஆக்சிலியாவுக்குத் தோன்றியது. அதை அங்கே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ரெண்டேகாலுக்கு உள்ள விடுறேன்க்கா. மைக்கை மட்டும் மூடியே வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பைபாஸ் ஓரத்தில் வண்டியை நிறுத்திச் சோமசேகரனை அழைத்தாள். மீட்டர் ஓடாததைச் சொன்னாள்.

"அந்த ரெண்டு வருஷம் கம்ப்யூட்டர் மாடல் வச்சுப் போட்ட மதிப்பீடும்மா. எல்லாரும் செய்றதுதான்."

"அப்ப படத்துல அப்படியே எழுதிக் காட்டிடுங்க சார்."

"நீங்க கூட்டம் நடத்துங்க. ஆராய்ச்சிய நாங்க பார்த்துக்குறோம்" என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சரி, சரி. குறிப்பு சேர்த்துடுறேன்" என்றார்.

இரண்டேகாலுக்கு எல்லாரும் கூடிய அமர்வு. காசியம்மாவை ஆக்சிலியா உள்ளே விட்டிருந்தாள். சோமசேகரன் அதே படத்தைக் காட்டினார். குறிப்பு எதுவும் இல்லை. மதிவதனி பேச முன்வந்தாள். அந்தக் கடைசி இரண்டு வருட உப்பளவை வைத்தே தன் நெல் ரகங்களைத் தேர்வு செய்ய விரும்புவதாகவும், கூட்டுத் திட்டத்துக்குத் தயார் என்றும் சொன்னாள். அன்று காலையிலிருந்து ஒருவர் மனம் திறந்து சொன்ன முதல் வார்த்தை அது.

ஆக்சிலியா ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசினால் வேலை போகலாம். பேசாவிட்டால் மதிவதனி பொய்யான எண்ணை நம்பி மூன்று வருடம் நெல் விதைப்பாள்.

"சுரக்குடிலேருந்து ஒருத்தவங்க கேள்வி கேக்கணும்னு இருக்காங்க. அக்கா, சொல்லுங்க" என்று சொல்லி மைக்கைத் திறக்கச் சொன்னாள்.

"வணக்கமுங்க. ஆறாம் நம்பரு எங்க கெணறு. ஒம்பது வருசம் நாந்தான் எழுதுனேன். ரெண்டு வருசமா மீட்டரு ஓடல. சாரு காட்டுறாங்களே, இந்தக் கடைசி ரெண்டு வருசம், இத ஆரு வந்து எடுத்தாங்கன்னு தெரியணும். அப்புறம் இந்தத் தண்ணிய நாங்க குடிக்கலாமா வேணாமா, அதயும் சொல்லிடுங்க."



"அது மாடல் மதிப்பீடு. படத்துல குறிப்பு விட்டுப்போச்சு" என்றார் சோமசேகரன்.

"சார், இதழ்ல வந்த உங்க கட்டுரைச் சுருக்கத்துல 'அளவீடு'ன்னு நாலு எடத்துல இருக்கு. நான் வரி வரியா படிச்சிருக்கேன்" என்றாள் மதிவதனி.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவருடைய சதுரம் கறுத்தது. பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது. "நெட் போயிடுச்சு போல" என்று யாரோ சொன்னார்கள்.

கூட்டம் அதோடு கலைந்துவிடும் என்றுதான் ஆக்சிலியா நினைத்தாள். அப்போது அஃப்ரித் தொண்டையைச் செருமினான். "நானும் ஒண்ணு சொல்லிடுறேன். போன மழைக்காலத்துல என் கருவி மூணு மாசம் உப்பு அரிச்சு நின்னுபோச்சு. அந்த மூணு மாசத்த நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அரிக்காத உறை எப்படிப் போடுறதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க."

கடலில் கருவி இறக்குகிற ஒருவர் கையைத் தூக்கினார். பிறகு மதிவதனி, தன் வயல் திருவேட்டக்குடியில் என்றும், அங்கே கிணற்றளவே இல்லாமல் இரண்டு பருவம் குத்துமதிப்பாக வேலை செய்ததையும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் ஓட்டைகளைச் சொன்னார்கள். சிலர் சொல்லாமலே வெளியேறினார்கள். நாலு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் ஐந்தரை வரை போனது. நடுவில் காசியம்மா ஒருமுறை கேட்டார்: "தண்ணியப் பத்தி இன்னும் ஒருத்தரும் சொல்லலியே?"

திங்கட்கிழமை செயலாளர் அழைத்தார். வெளியாளைப் பேசவிட யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். அடுத்த கூட்டத்தை நடத்தும் வேலை சென்னையில் வேறு ஒரு குழுவுக்குப் போனது.

புதன்கிழமை அஃப்ரித்தும் மதிவதனியும் புது மீட்டரோடு சுரக்குடிக்கு வந்தார்கள். ஆக்சிலியா வழிகாட்டிக்கொண்டு போனாள். காசியம்மா உடனே கிணற்றருகே விடவில்லை. கூட்டத்துக்குப் பிறகு வாங்கத் தொடங்கியிருந்த கேன் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி, "மொதல்ல இதுல வச்சுக் காட்டுங்க தம்பி" என்றார். உப்பில்லாத அந்தத் தண்ணீருக்கு மீட்டர் சின்ன எண்ணைக் காட்டிய பிறகுதான் கிணற்றுக்குக் கூட்டிப்போனார். உப்பு ஏறியிருந்தது உண்மை. ஆனால் இரண்டு மடங்கு இல்லை, சோமசேகரன் காட்டிய ஏற்றத்தில் பாதிகூட இல்லை. குடிக்கலாமா என்பதற்கு இந்த மீட்டர் மட்டும் போதாது என்று சொல்லி ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் குடிக்கலாம் என்று முடிவு வந்தது. கோடையில் மறுபடியும் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. காசியம்மா அந்தத் தாளைக் கவியாவிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மூன்று மாதம் கழித்துச் சோமசேகரன் ஆக்சிலியாவை அழைத்தார். கட்டுரையிலிருந்து அந்த இருபத்துநாலு மாதத்தையும் எடுத்துவிடச் சொல்லி இதழுக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். "ஏமாத்தணும்னு செஞ்சது இல்லம்மா. வரிசை விட்டுப்போகக் கூடாதுன்னு ஒரு மாசம் போட்டேன். அப்புறம் அடுத்த மாசம்."

"அன்னைக்கு நிஜமாவே நெட் போச்சா சார்?"

"போச்சும்மா."

அவள் நம்பவில்லை. ஆனால் அவர் தானாக அழைத்துச் சொன்னதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. மனசாட்சியா, மதிவதனி முந்திக்கொண்டு இதழுக்கு எழுதிவிடுவாள் என்ற பயமா?

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு கூட்டுத் திட்டம்தான் வந்தது. அஃப்ரித், மதிவதனி, காசியம்மா என்று மூன்று பெயரில் போனது. காசியம்மா ஒரு நிபந்தனையோடுதான் கையெழுத்துப் போட்டார். மாதாமாதம் எடுக்கிற அளவை வேறு எங்கே அனுப்புவதற்கும் முன்னால் கிணற்றுக்காரர்களுக்குத் தமிழில் சொல்லிவிட வேண்டும். அது ஆராய்ச்சித் திட்டத்தில் வருகிற விஷயமில்லை, எடுத்துவிடுங்கள் என்று கூட்டமைப்பு கேட்டது. மதிவதனி எடுக்கவில்லை. அந்த வரியோடுதான் நிதி கேட்கும் விண்ணப்பம் போயிற்று.