பின்னால் வந்த காற்று

மலைக்கு அப்பால் ஒரு சிறிய விமான நிலையம். இப்பால், கடலோரத்தில், மற்றொன்று. இடையே நூற்றிருபது கிலோமீட்டர். மலையைச் சுற்றிச் செல்லும் சாலையில் அரை நாள் பிடிக்கும். விமானத்திலோ நாற்பது நிமிடங்கள். கடலோரக் கோபுரத்தில் அமர்ந்து விமானங்களை இறக்கும் அவளுக்கு இக்கணக்கு உறக்கத்திலும் பிசகாது.

அன்று பிற்பகல், வழக்கமாக ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகாத நிலையில், மலையைக் கடந்துவிட்டதாக விமானி வானொலியில் அறிவித்தார்.

"காத்து அப்படியே தூக்கிட்டு வருது, மேடம். டீ போட்டு வைங்க!"

கீழே, தீயணைப்பு வண்டியின் வானொலியில் அதைக் கேட்ட அவளுடைய தம்பி உடனே தொலைபேசியில் அழைத்தான். அவன் மனைவியும் கைக்குழந்தையும் அவ்விமானத்தில்தான் வந்துகொண்டிருந்தனர்.

"பாத்தியாக்கா? அம்மா வீட்டுல இருந்து என்னமா பறந்து வர்றா! அவ்ளோ பாசம்."

"பாசமாவது மண்ணாவது. தனியா சமைச்சு சாப்பிட முடியலன்னு நீ அழுதிருப்ப."

சொல்லிச் சிரித்தவளின் சிரிப்பு பாதியில் நின்றது. எந்தக் காற்று இவ்வளவு வேகமாகத் தள்ளும்? அப்பால் உள்ள நிலையத்தை அழைத்தாள்; மணி அடித்துக்கொண்டேயிருந்தது, எடுப்பாரில்லை. தொலைநோக்கியை எடுத்தாள். மலையைக் காணவில்லை. அவ்விடத்தில் தரைக்கும் வானுக்குமாக ஒரு பழுப்புச் சுவர். அதன் முன்னே, கடுகளவு விமானம். இறங்கும் நொடியில் அந்தப் புழுதிப் புயல் எட்டிப் பிடித்தால் விமானத்தைப் புரட்டிப் போட்டுவிடும். எந்தப் புழுதிப் புயலும் இதுவரை கரையைத் தாண்டியதில்லை. கடல்மேல் சற்று நேரம் சுற்றித் திரும்ப எரிபொருளும் உண்டு.

"ஓடுபாதை மூடியாச்சு. இறங்காதீங்க. நேரா கடல் பக்கம் போயிடுங்க."

"ஓடுபாதை கண்ணு முன்னாடி தெரியுதே, மேடம்!"

"பின்னாடி என்ன வருதுன்னு பாருங்க."

விமானியின் குரல் தாழ்ந்தது. "போறேன்."

நீட்டிய சக்கரங்களோடு விமானம் கோபுரத்தின் தலைக்கு மேலே சென்றது. கீழே கையசைத்துக்கொண்டிருந்த தம்பி, உயர்த்திய கையை இறக்க மறந்து நின்றான்.

"ஏங்க்கா இறக்கல? உனக்கென்ன பைத்தியமா?" என்று மீண்டும் தொலைபேசியில் கத்தினான்.

அவள் வாய் திறப்பதற்குள் கண்ணாடிகள் அதிர்ந்தன. புழுதி ஓடுபாதையை விழுங்கிற்று, தீயணைப்பு வண்டியை விழுங்கிற்று, பகல் இருண்டது. மேசையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

வந்த வேகத்திலேயே வெளிச்சம் திரும்பியது. ஓடுபாதை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

"அக்கா, போயிருச்சு! நீ சொன்னதுதான் சரி. கூப்பிடு அவங்கள!" தம்பியின் குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன.

அவள் கடற்பக்கச் சன்னலை நோக்கித் திரும்பினாள். சுவர் கரையில் நிற்கவில்லை. விமானத்தைத் தான் அனுப்பிய அதே திசையில், நீரின்மேல், அதனினும் விரைவாகப் போய்க்கொண்டிருந்தது.

வானொலியை எடுத்து அழைத்தாள். இரைச்சல் மட்டுமே வந்தது. மீண்டும் அழைத்தாள்.

"என்னக்கா சொல்றாங்க?" என்றான் தம்பி.