எட்டு மணிக்குள்

அப்பாவுக்கு எட்டு மணிக்கு ஆபரேஷன். அக்காவைப் பின்னால் உட்காரவைத்து, உறைபனியில் தம்பி பைக்கை விரட்டினான். பாதி வழியில் விரல்கள் விறைத்துப்போய் பிரேக் பிடிக்க முடியவில்லை. முன்னால் நின்ற லாரியை மயிரிழையில் தவிர்த்து ஓரங்கட்டினான்.

"இறங்குடா, நான் ஓட்டுறேன்."

"உனக்கு மட்டும் குளிராதாக்கா?"

"இவ்வளவு நேரமும் என் கை உன் ஜாக்கெட் பாக்கெட்லதானே இருந்துச்சு!"

இப்போது அவன் அவள் பாக்கெட்டுகளில் கைகளை நுழைத்துக்கொண்டான். சிக்னலுக்கு சிக்னல் மணி கேட்டான்.

"நீ கேக்கக் கேக்கத்தான் மணி ஓடுது. சும்மா வாடா!" என்று எரிந்து விழுந்தாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் இருந்த அப்பாவைப் பிடித்துவிட்டார்கள்.

"ஏன்டா இப்படி நடுங்குற? ஆபரேஷன் எனக்குத்தானே?" என்றார் அப்பா.

அக்கா சிரித்தாள். கதவு மூடியது. நாற்காலிகள் காலியாக இருந்தும் இருவரும் உட்காரவில்லை.